லயத்துப் பெண்கள் எடுக்கும் படத்துக்கு என்ன சாமான் வேண்டும்? தாய்நலப் பட கிட், ஒவ்வொன்றாக

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் பெண்களே பேறுகால நலம் பற்றிப் படமெடுத்து, அதை வைத்து அதிகாரிகளிடம் பேசுவதற்காக ஒரு கிட் வாங்க நினைக்கும் மகளிர் சங்கங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இந்த மதிப்பீடு. பல இடங்களில் காசில் பெரும்பங்கு கேமராவுக்கே போய்விடுகிறது. மைக்குக்கு மிச்சம் இருப்பதில்லை, போட்டுக் காட்ட ஸ்பீக்கரும் இருப்பதில்லை. கடைசியில் பளிச்சென்ற படத்தில் ஒரு தாய் பேசிக்கொண்டிருப்பார், அவர் சொல்வது ஒருவருக்கும் கேட்காது.

ஒவ்வொரு சாமானையும் நாங்கள் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறோம். படம் ஓடி முடிந்த அறையில், சுகாதார வைத்திய அதிகாரியோ தோட்டத்துத் துரையோ (முகாமையாளரோ) ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற நிலைமையை உண்டாக்க இது உதவுமா? அந்தக் கணக்கில் முதலிடம் மைக்குக்கு, அடுத்தது ஸ்பீக்கருக்கு. ஃபோன் மூன்றாவதுதான்.

இப்படி அளப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மக்களே தங்கள் பிரச்சினையைப் படமாக்கும் ‘பங்கேற்புப் படம்’ என்ற இந்த முறையின் தொடக்கம் என்று எல்லோரும் சொல்வது 1967இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில், ஃபோகோ தீவில் நடந்த வேலையை. தீவு மக்களை வேறிடத்தில் குடியேற்றலாமா என்ற பேச்சு நடந்த காலம் அது. மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்னோடனும் கனடா தேசியத் திரைப்படச் சபையின் கொலின் லோவும் அங்கே எடுத்த படங்களை முதலில் பேசியவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னது வெட்டப்பட்டது. அரசாங்கத்திடம் போனது அதற்குப் பிறகுதான். மீன்பிடி அமைச்சரும் தம் பதிலைப் படமாகவே எடுக்கச் செய்து தீவுக்கு அனுப்பினார். எடுத்தவர் பார்த்துத் திருத்துவது, மேலே போவது, பதில் கீழே வருவது என்று அந்தச் சுற்று முழுதாக வந்தால்தான் இது பங்கேற்புப் படம். பாதியில் நின்றால் அது தோட்டத்துப் பெண்களை வைத்து எடுத்த இன்னொரு வீடியோ, அவ்வளவுதான்.

எண்களைப் பொறுத்தவரை சுகாதாரத் திணைக்களத்திடம் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். அந்த இடைவெளியின் ஒரு பகுதி தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அட்டவணையில் வராதது வேறு. கிளினிக் நாளில் மலையில் ஒரு பேர் (ஒரு நாள் கூலி) போய்விடுமே என்று தள்ளிப்போடுவது. இரவில் வலி வந்தால் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து (பிரிவிலிருந்து) மெயின் ரோட்டுக்கு இறங்குவது. வார்டில் சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தலையாட்டுவது. பேறுகால மரணங்களை ஆராய்கிறவர்கள் மூன்று தாமதம் என்று பிரிப்பார்கள்: போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் கவனிப்புக் கிடைப்பதில் தாமதம். ஒரு படத்துக்கு இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றையும் ஆறு நிமிடத்தில் அடைத்தால், இது என் வேலையில்லை என்று ஒவ்வொரு அதிகாரியும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுவார்.

மைக். நாங்கள் சிபாரிசு செய்வது சட்டையில் கிளிப் பண்ணும் வயர் மைக்தான். பூயா பிஒய்-எம்1 இதற்குப் போதும். 6 மீட்டர் வயர், மூன்று கறுப்பு வளையம் உள்ள 3.5 மி.மீ. பிளக். வயரில் இருக்கும் சிறிய பெட்டியில் ஃபோனுக்கும் கேமராவுக்கும் மாற்றும் சுவிட்ச் ஒன்று உண்டு. பழுது என்று தூக்கிப் போடுவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஃபோனில் செருகிவிட்டு சுவிட்ச் கேமரா பக்கம் இருந்தால் சத்தம் சரியாகப் பதியாது. கேமரா பக்கம் வைக்கும்போதுதான் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பேட்டரி தேவை. ஃபோனுக்கு மட்டும் பாவிப்பதென்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஈரத்தில் கசிந்து பெட்டியைக் கெடுக்காது.

இரண்டாவது பிழை இன்னும் மோசமானது, ஏனென்றால் எடுக்கும்போது கண்ணில் படாது. சில ஆண்ட்ராய்டு ஃபோன்களின் சொந்தக் கேமரா ஆப், வெளியிலிருந்து செருகிய மைக்கைக் கவனிப்பதே இல்லை. பெண் மைக் மாட்டிக்கொண்டு பேசுவார், பதிவதோ ஃபோனின் உள் மைக்கில். இதற்கு ஓபன் கேமரா என்ற இலவச ஆப் உதவும், அதன் அமைப்பில் ஒலி எங்கிருந்து வரவேண்டும் என்ற இடத்தில் வெளி மைக்கைத் தெரிவு செய்யலாம். எந்த ஃபோனானாலும் ஒரு சோதனை வையுங்கள்: ரெக்கார்ட் போட்டு, மைக் தலையை நகத்தால் மூன்று தட்டு, ஃபோனின் அடிப்பக்கத்தில் மூன்று தட்டு. திருப்பிக் கேட்கும்போது எது டக்டக்கென்று உரத்துக் கேட்கிறதோ, பதிந்தது அதில்தான். இதை ஒவ்வொரு நாளும் முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

மாட்டும் இடம் நாடிக்குக் கீழே ஒரு சாண். சேலை முந்தானையில் மாட்டினால் அசைவுக்கெல்லாம் சரசரக்கும், ஆகவே உள்ளே ரவிக்கையின் ஓரத்தில் மாட்டி, வயரைத் தளர்வாக ஒரு வளையம் விட்டு டேப் ஒட்ட வேண்டும். தாலிக்கொடியும் பாசிமணியும் மைக்கில் தட்டும். கழற்றச் சொல்லக் கூடாது, ஒரு பக்கமாக ஒதுக்கி ஊசி குத்தினால் போதும். மாட்டிவிடுவது இன்னொரு பெண்ணாகவே இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயானால், பால் கொடுத்து முடிந்த பிறகு மாட்டுங்கள். இல்லாவிட்டால் பதினைந்து நிமிடம் பிள்ளையின் மூச்சும் இழுப்பும்தான் கேட்கும். வெளியில் எடுக்கும்போது காற்றுக்குப் பஞ்சுத் தொப்பி மட்டும் போதாது. தேயிலை மலையில் முடி வைத்த காற்றுறை கட்டாயம் வேண்டும்.

மழைக்கு மாற்று மருந்து கிடையாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்கும் குரலைக் காப்பாற்றாது. ஹட்டன், மஸ்கெலியா, போகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மாலையில் பேச்சுப் பதிவை வைக்காதீர்கள், காலையில் முடியுங்கள். ஆனால் காலையில் பிரட்டு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம்), பிறகு கொழுந்து பறிப்பு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்தான் நடைமுறைக்கு வரும். வேலை நாளில் வரச் சொன்னால் அவர்கள் இழக்கும் பேரைத் திட்டத்தின் செலவுக் கணக்கில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கூலி போகிறதே என்று முறையிடும் படத்தை அந்தப் பெண்களின் கூலியைத் தின்று எடுப்பது நியாயமே இல்லை.

ஃபோன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விலை கூடிய ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு நல்லது, ஒன்றில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் போட்டுப் பார்க்கலாம். 3.5 மி.மீ. துளையும் மெமரி கார்ட் போட இடமும் இருக்க வேண்டும். 1080பி போதும், 4கே வேண்டாம். 1080பியில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 130 எம்பி பிடிக்கும், 64 ஜிபி கார்டில் எட்டு மணித்தியாலம் வரை அடங்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப் லைட்டின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 என்று மாற்றுங்கள். ஃபோனில் சிம் இருந்தால் எடுக்கும் முன் விமானப் பயன்முறை, இல்லையென்றால் நடுவில் ஒரு அழைப்பு வந்து பதிவை வெட்டிவிடும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். குளிரிலிருந்து அடுப்பெரியும் காம்பராவுக்குள் (அறைக்குள்) போனதும் லென்ஸ் பூத்துவிடும். துடைத்துத் துடைத்துப் பயனில்லை, பையை மூடியபடி உள்ளே வைத்து அரை மணித்தியாலம் பொறுங்கள்.

பெண்களின் சொந்த ஃபோனில் எடுக்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. வீட்டு ஃபோனை மகனும் பார்ப்பான், மச்சானும் பார்ப்பார். கருச்சிதைவு பற்றி அழுதுகொண்டே சொன்ன ஒரு துண்டு இரவோடிரவாக வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால், அந்தப் பெண் இனி வாய் திறக்க மாட்டார். கிட் ஃபோனில் சிம் போடாதீர்கள், படங்கள் தானாக இணையத்தில் ஏறும் வசதியை நிறுத்தி வையுங்கள், திறக்கும் இலக்கம் இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரியட்டும்.

வெளிச்சத்துக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். லயத்துக் காம்பராவுக்குள் இருட்டு. இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்), வாசலைப் பார்த்து உட்காரவைத்தால் முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். முதுகு வாசல் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப் போகும். ட்ரைபாட் கட்டாயம் வேண்டும், மலிவானதே போதும், ஃபோனைப் பிடிக்கும் கவ்வி மட்டும் உலோகமாக இருக்கட்டும்.

வெட்டி ஒட்டும் ஆப்பில் நாங்கள் பார்ப்பது இரண்டு விஷயம்: இணையம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும், தமிழும் சிங்களமும் எழுத்து உடையாமல் வர வேண்டும். கைன்மாஸ்டர் பழகுவதற்கு இலகு, ஆனால் இலவசப் பதிப்பில் எடுத்தால் படத்தின் மேல் அதன் முத்திரை விழும். கணினி இருந்தால் ஷாட்கட் முழுக்க இலவசம், முத்திரையும் இல்லை. எழுத்துப் பிரச்சினை பெரும்பாலும் ஆப்பினால் வருவதே இல்லை. அலுவலகத்தில் யாரோ பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்துத் தந்ததை அப்படியே ஒட்டுவதால் வருகிறது, திரையில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். எழுத்துரு சரியா என்று பார்க்க ‘கொழுந்து’ என்று அடித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறினால் வேறு எழுத்துரு போடுங்கள். சிங்கள உபதலைப்பு கட்டாயம். தீர்மானம் எடுக்கும் மேசையில் தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் படம் அவரைத் தாண்டிப் போய்விடும். ஒரு வரியில் ஆறு ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

ஸ்பீக்கரும் ப்ரொஜெக்டரும். கையடக்க ப்ரொஜெக்டர் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் லுமென் எண்ணை நம்ப வேண்டாம், தரமுறைப்படி அளந்த வெளிச்சமான ஆன்சி லுமென் எவ்வளவு என்று கேளுங்கள். 100 ஆன்சி லுமென் என்றால் இரவில், இருட்டிய கோயில் மண்டபத்தில், 60 அங்குலப் படம் சுமாராகத் தெரியும். பகலில் பிரதேச செயலகக் கூட்ட அறையில் ஒன்றுமே தெரியாது. அங்கெல்லாம் அவர்களுடைய டிவியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகுவதே மேல். ஆகவே கிட்டில் ப்ரொஜெக்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 3 மீட்டர் எச்டிஎம்ஐ வயரும், பென் டிரைவில் எம்பி4 பிரதி ஒன்றும் இருக்க வேண்டும். ஸ்பீக்கரை மட்டும் கடன் வாங்காதீர்கள். சார்ஜில் ஓடக்கூடியது, ஆக்ஸ் வயர் செருகக்கூடியது, ஐம்பது பேர் இருக்கும் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் பேச்சு தெளிவாகக் கேட்பது. பேஸ் கூடிய பாட்டு ஸ்பீக்கரில் பேச்சு முணுமுணுப்பாகிவிடும். கடையிலேயே பாட்டு போடாமல் செய்தி வாசிப்பைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

இனி, கிட்டோடு சேர்த்து விற்கப்படும் பயிற்சி. சாமானைவிட இதில்தான் தரம் ஏறி இறங்குகிறது. நல்ல பயிற்சியாளர் முதல் அரை மணித்தியாலத்திலேயே கேமராவைப் பெண்கள் கையில் கொடுத்துவிடுவார். இன்சைட்ஷேர் போன்ற பங்கேற்புப் பட நிறுவனங்கள் பரப்பிய பெயர் சொல்லும் விளையாட்டு இன்றும் வேலை செய்கிறது: வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் எடுக்க அடுத்தவர் தன் பெயரையும் பிடித்த ஒன்றையும் சொல்வது, பிறகு கேமரா கைமாறுவது, முடிந்தவுடன் எல்லோருமாகப் போட்டுப் பார்ப்பது. ஆன், ஆஃப், தூரம், சத்தம் எல்லாம் இதிலேயே பிடிபட்டுவிடும். ஸ்லைடு போட்டு ஷாட் வகைகளை விளக்கத் தொடங்கும் பயிற்சியாளரை மாற்றுங்கள்.

அடுத்தது ஆறு கட்டம் வரைந்த தாள். எழுத வராதவரும் படம் வரையலாம், வட்டத் தலையும் குச்சிக் கையும் போதும். அரசாங்கம் தாய்மாருக்குத் தரும் சத்துமாவான திரிபோஷாவை எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணித் தாய்க்கு மாதம் 750 கிராம் பைக்கட் இரண்டு. முதல் கட்டத்தில் பைக்கட் வீட்டுக்கு வருகிறது. இரண்டாவதில் யார் யார் கிண்ணத்துக்குப் போகிறது? இந்த இடத்தில் பெண்களுக்குள் வாக்குவாதம் வரும். வீட்டில் மற்றப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று ஒருவர் கேட்பார், அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று இன்னொருவர். அந்த வாக்குவாதத்தை வெட்டிவிடாமல் இடம் கொடுத்தால் கடைசிக் கட்டத்தில் கேட்க வேண்டியது தானாக வரும். அந்தக் கடைசிக் கட்டம் ஒரே ஒரு அதிகாரியிடம் ஒரே ஒரு கோரிக்கையாக இருக்க வேண்டும். “எங்களைக் கவனியுங்கள்” என்று முடித்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். “இந்த டிவிஷனுக்கு மாதத்தில் ஒரு கிளினிக்கை மாலை நேரத்துக்கு மாற்றித் தாருங்கள், இல்லாவிட்டால் கிளினிக் அட்டையைக் காட்டினால் அரைப்பேர் போடுங்கள்” என்றால் ஆம், இல்லை என்று ஒன்றைச் சொல்ல வேண்டிவரும்.

வீதிப் பிரச்சினையை எடுப்பதற்கு ஒரு வழி. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம், நாடு முழுக்க உண்டு. ஆனால் வண்டி ஏறாத தோட்டத்து வீதியில் அது மெயின் ரோட்டில்தான் நிற்கும். அதைப் படத்தில் நிரூபிக்கப் பெருமூச்சும் சோக இசையும் தேவையில்லை. லய வாசலில் ஒரு கடிகாரத்தைக் கிட்டத்தில் எடுங்கள். இறங்கும் பாதையில் வழுக்கும் படி, உடைந்த மதகுப் பாலம், வளைவு என்று ஒவ்வொன்றிலும் பத்து விநாடி. மெயின் ரோட்டில் மீண்டும் அதே கடிகாரம். நடப்பவர் நல்ல உடம்போடு இருப்பவராக இருக்கட்டும், நிறைமாதக்காரியை நடிப்புக்காகக்கூட இறக்கக் கூடாது. நல்ல உடம்புக்கே இவ்வளவு நேரம் என்றால் வலியோடு எவ்வளவு என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். டிவிஷன் பெயர், லய இலக்கம், பக்கத்துக் கோயில், திரும்பும் சந்தி ஆகியவற்றை 1990க்குச் சொல்ல வேண்டிய முறையிலேயே படத்தில் ஒருவர் சொன்னால், அதே துண்டை லயத்து மக்களுக்கும் பாடமாகக் காட்டலாம்.

சுகாதாரச் செய்தி ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டும் முன் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) சரிபார்த்தே ஆகவேண்டும். அடிக்கடி தவறுவது இரும்புச்சத்து மாத்திரை. கொழுந்து மலையில் தேத்தண்ணியோடு விழுங்குவதைக் காட்டிவிடுவார்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும், தண்ணீரோடோ தேசிக்காய்ச் சாறோடோ எடுக்கலாம். இன்னொன்று பிரசவ லீவு. மூன்றாவது பிள்ளைக்கு 6 வாரம்தான் என்று பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது, எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம். இப்படி ஒரு பிழை படத்தில் இருந்தால், அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் தள்ளிவிட அது போதும்.

சம்மதத்துக்கு ஒரே ஒரு கையெழுத்து வாங்கும் படிவம் போதாது. எடுக்கும் முன் ஒரு தடவை, வெட்டி ஒட்டிய பிறகு தன் துண்டைப் பார்த்து ஒரு தடவை, லயத்துக்கு வெளியே போகும் முன் ஒரு தடவை. எந்தக் கட்டத்திலும் ‘வேண்டாம்’ என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். எச்-512 கர்ப்பகாலப் பதிவேட்டைத் திறந்தபடி எடுக்காதீர்கள், பெயர் முதல் பரிசோதனை விவரம் வரை அதில் இருக்கும். வெற்று அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி எடுங்கள். வைத்தியசாலைக்குள் எடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும், வார்டுக்குள் அனுமதி கிடைத்தாலும் மற்றத் தாய்மார் பின்னால் தெரியக் கூடாது. பேறுகாலத்தில் இறந்துபோன ஒருவரைப் பற்றி, விசாரணை முடியாத நிலையில் படமெடுக்கவே வேண்டாம். முகம் காட்ட விரும்பாத, ஆனால் சொல்ல விரும்புகிறவரைப் படத்தில் காட்ட வேண்டியதில்லை. குரலை மட்டும் பதிந்து, கொழுந்து பறிக்கும் கைகளையோ பிள்ளைக்காம்பராவின் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தின்) தொட்டில் வரிசையையோ மேலே போடலாம். கையில் பச்சைகுத்தலோ வளையலோ இருந்தால் லயத்தில் உடனே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள், ஆகவே வேறொருவரின் கையை எடுங்கள்.

போட்டுக் காட்டும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் எடுத்த பெண்கள் மட்டும். அடுத்தது லயத்துப் பெண்கள். பிறகு கணவன்மார், மாமியார்மார், தலைவர்மார். அதற்குப் பிறகு குடும்பநல உத்தியோகத்தரும் தோட்ட வைத்திய உதவியாளரும். கடைசியில்தான் துரையும் சுகாதார வைத்திய அதிகாரியும். நான்காவது படியைத் தாண்டிப் போனால், நாள் முழுக்க மேடு ஏறி இறங்கும் உத்தியோகத்தர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைப்பார், அடுத்த நாள் அந்த வாசலுக்கு வரவேண்டியவர் அவர்தான். முன்கூட்டியே பார்த்தால் பெரும்பாலும் அவரே பெண்கள் பக்கம் நின்று, தனக்கு எத்தனை டிவிஷன், போக்குவரத்துக்கு என்ன இருக்கிறது என்று படத்தில் ஒரு நிமிடம் பேசவும் சம்மதிப்பார். அந்த ஒரு நிமிடம் சேர்ந்தால் கோரிக்கைக்குப் பலம் கூடும்.

கடைசிக் கூட்டத்தில் படம் ஆறு நிமிடம், பேச்சு நாற்பது நிமிடம். எடுத்த பெண்களில் குறைந்தது நான்கு பேர் முன்வரிசையில் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் போனால் பேச்சு வராது. படம் முடிந்ததும் மூன்று நிரல் போட்ட ஒரு தாளை மேசையில் வையுங்கள்: என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். பதில் சொல்கிறவரிடம் கேட்டு, அவர் சொல்வதையும் அதே ஃபோனில் பதியுங்கள். சம்மதிக்காவிட்டால் தாளில் எழுதி வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பதிவு இரண்டு வாரத்துக்குள் லயத்தில் திரும்பப் போட்டுக் காட்டப்பட வேண்டும்.

கிட்டைத் தோட்ட ஆபீஸிலோ நிறுவனத்தின் ஊர் அலுவலகத்திலோ வைத்தால் அது அவர்கள் சாமானாகிவிடும். லயத்திலேயே, மின்சாரம் ஒழுங்காக உள்ள ஒரு வீட்டில், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மாதம் ஒருமுறை பாதி சார்ஜ் ஏற்றி, மைக்கைத் தட்டிப் பார்த்து, பதிவுக் கொப்பியில் யார் எடுத்தார், யார் திருப்பித் தந்தார் என்று எழுதினால், இந்தப் பட்டியலில் உள்ள சாமான் நீண்ட காலம் உழைக்கும்.